என் மகன் கைக்கு இரண்டு ஜோடி கிளவுஸ்

என் மகன் கையில் முதன்முதலாகத் தோல் கிளவுஸை மாட்டிவிட்டது நான் இல்லை, என் சம்பந்தியம்மாள். இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சுக்குக் கீழே பச்சை மிளகாயைக் கடித்த மாதிரி ஒரு காந்தல் வருகிறது. பொறாமைதான். அதற்கு நல்லதாக வேறு பேர் வைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. நான் படித்ததும் கொஞ்சம், எழுத்துக் கூட்டித்தான் இதை எழுதுகிறேன். அதனால் உள்ளதை உள்ளபடி எழுதுவதுதான் எனக்குச் சுலபம்.

நாங்கள் உசிலம்பட்டிக்கு மேற்கே மானாவாரி வெள்ளாமைக்காரர்கள். மகனுக்கு மதுரைத் தல்லாகுளத்தில் ஆபீஸ் வேலை. மோட்டார் சைக்கிளில்தான் போய் வருவான். பெண் எடுத்ததும் தல்லாகுளத்தில்தான். மருமகள் எங்களோடு இருக்கிறாள். நல்ல பிள்ளை, குறை சொல்ல மாட்டேன். அவள் அம்மாதான் நான் சொல்கிற சம்பந்தி. மடிப்புக் கலையாத சேலை கட்டுவார். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. சத்தம் போட்டாலாவது பதிலுக்கு நானும் போடலாம். அதற்கும் வழியில்லை.

அந்த வருசம் சோளம் அறுப்பு முடிந்த சமயம், லாரியிலிருந்து கொட்டிய மணல் ரோட்டு வளைவில் கிடந்திருக்கிறது. மகன் வண்டி அதில் சறுக்கிவிட்டது. தலைக்கு ஹெல்மெட் இருந்தது. எலும்புக்குச் சேதம் இல்லை. ஆனால் விழுகிற மனுசன் முதலில் கையைத்தானே ஊன்றுவான்? இரண்டு உள்ளங்கையும் தோல் வழண்டு போய்விட்டது. கட்டுப் போட்ட கையைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றான், பொம்மை மாதிரி.

கட்டுப் பிரிக்கிற வரைக்கும் நான்தான் சோறு ஊட்டினேன். மருமகள் முதல் நாள் ஸ்பூனோடு வந்தாள். ஸ்பூனில் ஊட்டினால் உடம்பில் ஒட்டாது என்று சொல்லி வட்டிலை வாங்கிக்கொண்டேன். கருவாட்டுக் குழம்பை நன்றாகப் பிசைந்து உருட்டி உருட்டிக் கொடுத்தேன். அவனும் சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்தான். மகன் கையில் புண் இருக்கும்போது நான் சந்தோசமாக இருந்தேன் என்று எழுதலாமா என்று தெரியவில்லை. இருந்தேன்.

கட்டுப் பிரித்த மறுநாள் சம்பந்தியம்மாள் பார்க்க வந்தார். பழம், பிஸ்கட் எல்லாம் எடுத்து வைத்தார். கடைசியாகப் பையின் அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். கறுப்புத் தோலில் கிளவுஸ். அதைப் பிரித்து, என் மகன் கையைத் தன் பக்கம் இழுத்து, புதுத்தோல் உரசாமல் விரல் விரலாக மாட்டிவிட்டார்.

"வலிக்குதா மாப்பிள்ளை?"

"இல்லத்தே. பூ மாதிரி இருக்கு."

நான் காப்பி டம்ளரோடு நின்றேன். இத்தனை வருசம் நான் ஆக்கிப் போட்டதில் எதையாவது பூ மாதிரி இருக்கு என்று அவன் சொல்லியிருப்பானா? அது கூடப் பெரிதில்லை. புண்ணுக்கு மஞ்சள் பற்றுப் போடத் தெரிந்த எனக்கு, அடுத்த தடவை விழுந்தால் அந்தக் கைக்கு என்ன பாதுகாப்பு என்று தோன்றவில்லை. அந்த அம்மாவுக்குத் தோன்றியிருக்கிறது. பெற்றவளுக்கு முன்னால் இன்னொருத்தி நினைத்துவிட்டாளே என்பதுதான் என்னைப் போட்டு அரித்தது.

மத்தியானம் அவன் தூங்கினபோது அந்தக் கிளவுஸை எடுத்துப் பார்த்தேன். என் அப்பன் மாட்டு வியாபாரி. மாட்டைத் தொட்டு, தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தே தரம் சொல்வார். பக்கத்தில் நின்று பார்த்த பழக்கம் எனக்கும் உண்டு. ரெக்ஸினாக இருக்க வேண்டும் சாமி என்று வேண்டிக்கொண்டே ஓரத்தை நகத்தால் சுரண்டினேன். நார் நாராக வந்தது. அசல் தோல்தான். தையலை இழுத்துப் பார்த்தேன், விடவில்லை. வேர்வைக்குச் சின்னச் சின்னத் துளை கூட இருந்தது. கடைசியில் ஒரே ஒரு குறை கண்டுபிடித்தேன். ஆட்டுத் தோல். மெல்லிசு.

சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம், மகனுக்கு மாட்டுத் தோலில் கிளவுஸ் வாங்கப் போறேன் என்றேன். மனுசன் பீடியை வாயிலிருந்து எடுக்காமலே கேட்டார்.

"கையில மாட்டவா, கிணத்துல தண்ணி எறைக்கிற கமலையில கட்டவா?"

அவரிடம் யோசனை கேட்டது என் தப்பு. மறுநாள் தனியாக பஸ் ஏறினேன். ஹெல்மெட்டும் வண்டிச் சாமானும் விற்கிற கடை மதுரை டவுனுக்குள் இருக்கிறது என்று கண்டக்டர் வழி சொன்னார். கண்ணாடிக் கதவு போட்ட கடை. கடைக்காரர் யாருக்கு என்று கேட்டார். மகனுக்கு என்றேன். கை அளவு கேட்டார்.

"என் கைதான்யா அவன் கை. எனக்குச் சரியா இருந்தா அவனுக்கும் சரியா இருக்கும்."

அது பெருமைக்குச் சொன்னதில்லை. களை எடுத்து, கதிர் அறுத்து, மாடு பிடித்துக் கட்டின கை எனக்கு. விரல் ஒவ்வொன்றும் ஆம்பளை விரல் மாதிரி இருக்கும். மகனுக்கு அச்சு அசல் அதே கை. முகம் அவன் அப்பனைக் கொண்டு பிறந்தாலும், கையாவது என்னுடையதாக வந்ததே என்று எனக்கு ஒரு திருப்தி உண்டு.

கடைக்காரர் எடுத்துப் போடப் போட ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன். ஒன்று மினுமினுவென்று இருந்தது, ஆனால் ஈரத் துணியால் துடைத்தால் சாயம் ஒட்டியது. வேர்வை பட்டால் கையெல்லாம் கறுப்பாகிவிடும், வேண்டாம் என்றேன். இன்னொன்று விரல் நுனியில் லூசாக நின்றது. விரல் நுனியில் இடம் இருந்தால் பிரேக்கைப் பிடிக்கும்போது மடங்கிக்கொள்ளும் என்று அவரே எடுத்து உள்ளே வைத்துவிட்டார். வேறொன்றில் உள்தையல் விரல் சந்தில் குத்தியது. பக்கத்தில் ஹெல்மெட் பார்த்துக்கொண்டிருந்த ஒரு இளவட்டம் என்னையே பார்த்தான்.

"என்ன அப்பத்தா, புல்லட் வாங்கிட்டீகளா?"

"வாங்கிட்டேன்டா. வெளியில நிக்குது. பின்னாடி ஏறு, உங்க வீட்டுல இறக்கி விட்டுட்டுப் போறேன்."

கடையே சிரித்தது. அவனும்தான் சிரித்தான்.

கடைசியில் நான் தேடினது வந்தது. மாட்டுத் தோல். காப்பி நிறம். விழும்போது முதலில் தரையில் தேய்கிற உள்ளங்கை அடிப்பக்கத்தில் இன்னொரு தோல் துண்டு வைத்து இரட்டைத் தையல் போட்டிருந்தது. விரல் முட்டிக்கு மேலே கெட்டியாக ஒரு மூடி. கழன்று பறக்காமல் இருக்க மணிக்கட்டில் ஒட்டுப் பட்டை. மாட்டிக்கொண்டு கல்லா மேசையில் ஒரு குத்துக் குத்தினேன். வலிக்கவில்லை. கடைக்காரர்தான் மேசையைப் பார்த்துக்கொண்டார். கொஞ்சம் விறைப்பாக இருக்கும்மா, போடப் போடச் சரியாகிவிடும் என்றார்.

போடப் போட என்றால் எத்தனை நாள்? அங்கே பூ மாதிரி ஒன்று இருக்கும்போது இந்த விறைப்பை அவன் எதற்குப் பொறுத்துக்கொள்வான்? பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் இதே நினைப்பு. எங்கள் பக்கம் மாட்டுக் கழுத்துக்குப் புதுத் தோல் மணிப்பட்டை வாங்கினால், விளக்கெண்ணெய் தடவி வெயிலில் போட்டு, திரும்பவும் தடவுவோம். கட்டை மாதிரி இருந்த வார் துணி மாதிரி மடங்கும். வீட்டுக்கு வந்ததும் அதையே செய்தேன். உள்ளும் புறமும் சொட்டச் சொட்ட விளக்கெண்ணெய். மொட்டை மாடியில் காயப் போட்டு, காக்கா தூக்கிவிடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் பார்த்தால் தோல் பளபளவென்று, சொன்னபடி மடங்கியது. இப்போது சொல்லட்டும் பூ மாதிரி என்று.

அவன் போட்டுப் பார்த்துவிட்டு நல்லாருக்கும்மா என்றான். மறுநாள் அதைப் போட்டுக்கொண்டுதான் போனான். ஆட்டுத் தோல் ஜோடி ஆணியில் தொங்கியது. அன்றைக்கு ஒரு பகல் முழுக்க நான் நடந்த நடையைப் பார்த்து, என்ன சம்பந்தியை ஜெயிச்சிட்டியா என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

சாயங்காலம் அவன் வெறுங்கையோடு வண்டி ஓட்டி வந்தான். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மருமகள்தான் அடுப்படிக்கு வந்து மெதுவாகக் கேட்டாள்.

"அத்தே, கிளவுஸ்ல எண்ணெய் எதுவும் போட்டீங்களா? ஆக்சிலேட்டர் கைக்குள்ளயே சுத்துதாம். பிரேக்கும் வழுக்கிருச்சாம்."

மணிப்பட்டை மாட்டின் கழுத்தில் சும்மா கிடக்கிறது. அது எதையும் பிடிக்க வேண்டியதில்லை. கிளவுஸ் பிடிக்கிற சாமான். அந்த வித்தியாசம் எனக்குத் தெரியாமல் போய்விட்டதே. அவன் கையைக் காப்பாற்ற வாங்கினதே அவனைக் கீழே தள்ளப் பார்த்திருக்கிறது. மறுநாள் ஆட்டுத் தோல் ஜோடி ஆணியை விட்டு இறங்கி அவன் கைக்குப் போனது. என்னுடையது ஆணிக்கு வந்தது. அதைக் கடந்து போகும்போதெல்லாம் விளக்கெண்ணெய் வாடை வந்து என் மூக்கில் இடித்தது.

ஆனால் நான் விடுகிறவள் இல்லை. எண்ணெய் தேய்த்த தலைக்குச் சீயக்காய் இருக்கிறபோது தோலுக்கு ஒன்று இல்லாமலா போகும்? நனைத்தால் தோல் கெடும். அதனால் தவிட்டுப் பானைக்குள் புதைத்து வைத்தேன். தவிடு எண்ணெயைக் குடித்துப் பிசுபிசுத்ததும் அதை மாட்டுக்கு வைத்துவிட்டுப் புதுத் தவிடு போட்டேன். பிறகு கடலை மாவைத் தூவித் தேய்த்து, காய்ந்த துணியால் துடைத்து, நிழலில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஆளில்லாத நேரம் பார்த்து நானே கையில் மாட்டிக்கொண்டு உலக்கையைப் பிடித்துப் பார்ப்பேன். முதலில் வழுக்கியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. தினமும் காலையில் மகன் அந்த ஆட்டுத் தோலை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, இன்னும் கொஞ்ச நாள் இரு, வாரேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். மகனிடம் இல்லை, அந்த ஜோடியிடம்.

உலக்கை நழுவாமல் நின்ற வாரம்தான் இரண்டாவது தடவை விழுந்தான். மழைத் தூறலில் நாய் குறுக்கே வந்திருக்கிறது. வண்டியில் கண்ணாடி உடைந்து, பேண்ட் முழங்காலில் கிழிந்து வந்தான். நான் வேறெதையும் பார்க்கவில்லை. கிளவுஸைக் கழற்றிக் கையைத் திருப்பினேன். ஒரு கீறல் இல்லை. உள்ளங்கை வெள்ளையாக, முழுசாக இருந்தது. கிளவுஸைப் பார்த்தேன். ஆட்டுத் தோல் ரோட்டில் தேய்ந்து ஓட்டை விழுந்து, பக்கத் தையல் வாய் பிளந்து கிடந்தது. அவன் தோலுக்கு வரவேண்டியதை அது வாங்கிக்கொண்டது.

அவன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அந்த நிமிசம் நிம்மதியைத் தவிர வேறொன்றும் இல்லை, சத்தியம். அடுத்த நிமிசமே அந்தக் காந்தல் வந்துவிட்டது. இந்தக் கையைப் பெற்றது நான். முழுசாகத் திருப்பிக் கொடுத்தது அந்த அம்மாள்.

மருமகள் போனில் சொல்லியிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் சம்பந்தி என்னைக் கூப்பிட்டார். பதறித்தான் பேசினார். கையில் ஒன்றும் இல்லையே என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இல்லை என்றேன். உங்கள் கிளவுஸ்தான் தாங்கியது என்று சொல்ல வேண்டும். மனசு வரவில்லை. சொல்லிவிட்டேன். நியாயம் என்று ஒன்று இருக்கிறது. அவர் அதைக் கேட்டு அழுத மாதிரி இருந்தது. பிறகு, நாளைக்கே அதே மாதிரி இன்னொரு ஜோடி வாங்கி அனுப்புகிறேன் என்றார்.

"வேணாம் மதினி," என்றேன். "எங்க பக்கம் ஒரு வீட்டுக்காரவுக செய்முறை செஞ்சா, வாங்கினவுக திருப்பிச் செஞ்ச பெறகுதான் மறுக்கா அவுக செய்யணும். நீங்க செஞ்சிட்டீக. இது என் முறை."

சரிங்க மதினி, உங்க முறை என்றார். அதோடு விட்டிருக்கலாம். மாப்பிள்ளை கை கொஞ்சம் அகலம், பார்த்து வாங்குங்க என்று ஒரு வார்த்தை சேர்த்தார். அவன் கையின் அகலத்தை எனக்குச் சொல்கிறார். போனை வைத்தேன்.

வண்டி சரியாகி வந்த காலையில், அவன் கிளம்பும்போது என் ஜோடியை எடுத்து நீட்டினேன். வாங்கி, மோந்து பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான்.

"வழுக்காது. போடு," என்றேன்.

மாட்டிக்கொண்டு வண்டிக்குப் போகப் போனவனை நிறுத்தி, என் மணிக்கட்டை நீட்டினேன். பிடிக்கச் சொன்னேன். தொட்டும் தொடாமலும் பிடித்தான். நான் கையை உருவிக் காட்டினேன்.

"பிரேக்கை இப்படித்தான் பிடிப்பியா? இறுக்கிப் பிடி."

"உனக்கு வலிக்கும்மா."

"எனக்கு வலிச்சா நீ எதுக்குடா அழுகுற? பிடி."

பிடித்தான். இழுத்தேன், முறுக்கினேன், வரவில்லை. விட்டபோது என் மணிக்கட்டில் நாலு விரல் தடம் சிவப்பாகக் கிடந்தது. எனக்கு அது போதும். இனி இந்தக் கை என்ன ஆனாலும் என் கணக்கில் ஆகட்டும் என்று நினைத்தேன்.

அதற்குள் மருமகள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். அவன் கேட்காமலே இரண்டு கையையும் அவள் பக்கம் நீட்டினான். அவள் ஒட்டுப் பட்டையை இழுத்து, இந்தக் கை, அந்தக் கை என்று அழுத்தி ஒட்டிவிட்டாள். பட்டை போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மறுபடியும் அதே காந்தல். அம்மாவும் மகளும் ஒரே மண்ணில் செய்தவர்கள்தான்.

வண்டி தெரு முக்குத் திரும்பும்போது அவன் ஒரு கையைத் தூக்கிக் காட்டினான். நாங்கள் இரண்டு பேரும் வாசலில் நின்றோம். யாருக்குக் காட்டினான் என்று அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. தூக்கின கையில் இருந்தது காப்பி நிறம். எனக்குக் காட்டியதாகத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.