காகத்தை எந்தப் பெட்டியில் போடுவது

எனக்குக் குழந்தைகளைப் பிடிக்கும். கொஞ்சம் தூரத்தில் இருந்தால் இன்னும் பிடிக்கும். ஆனாலும் பாலிகஞ்சில் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஞாயிறு காலை நடக்கும் தமிழ் வகுப்புக்கு என்னை வாத்தியாராக்கிவிட்டார்கள். வழக்கமாக எடுக்கிற அம்மாளுக்கு முழங்கால் வலி. "நீங்கதான் நிறையப் படிக்கிறவராச்சே" என்றார்கள். இந்த வாக்கியத்துக்கு மயங்கி நான் ஒப்புக்கொண்ட காரியங்களைத் தனிப் புத்தகமாகவே போடலாம்.

ஆறேழு வயதில் ஏழு பிள்ளைகள். இங்கே வங்காளத்திலேயே பிறந்தவர்கள். தமிழைவிட வங்காளம் நன்றாக வரும்; என்னை 'காக்கு' என்பார்கள், இந்த ஊர் முறையில் சித்தப்பா. எட்டாவதாக ஒரு சிறுமி, கோயம்புத்தூரிலிருந்து வந்து இரண்டு மாதம். பள்ளிக்கூடத்தில் வாயே திறப்பதில்லை, வாரத்தில் இந்த ஒரு மணி நேரம்தான் வெளியாட்களிடம் பேசுகிறாள் என்று அவள் அம்மா சொல்லியிருந்தார்.

அன்றைய பாடம், கற்பனை எது, உண்மை எது. சந்தேஷ் என்ற பால் இனிப்பு வாங்கிய இரண்டு அட்டைப்பெட்டிகளைக் கடமையுணர்ச்சியோடு நானே காலிசெய்து, ஒன்றில் 'கதை' என்றும் மற்றதில் 'நிஜம்' என்றும் எழுதினேன். கரியாஹாட் நடைபாதையில் வாங்கிய இரண்டு டைனோசர் புத்தகங்கள். ஒன்றில் டைனோசர் குடை பிடித்துப் பள்ளிக்குப் போகிறது; மற்றதில் எலும்பாகக் கிடக்கிறது. நான் சீட்டில் எழுதிப் படிப்பேன், பிள்ளைகள் பெட்டியைச் சொல்ல வேண்டும்.

"குடை பிடிச்சுது?"

"கதை!"

"முட்டை போட்டுது?"

"நிஜம்!"

"இப்ப டைனோசரே கிடையாது?"

"இருக்கு காக்கு! பவானிபூர்ல பூஜா பந்தல்ல பார்த்தேன். கழுத்தை ஆட்டிச்சு!"

"நானும்! புகை விட்டுது!"

ஐந்து சாட்சிகள். அது பூஜைக்காக மூங்கிலும் துணியும் வைத்துக் கட்டிய பொம்மை என்று வாதாடினேன். "நாங்க பார்த்தோம். உன் எலும்பு டைனோசர் நடந்ததை நீ பார்த்தியா காக்கு?" என்று குறுக்கு விசாரணை. பந்தல் டைனோசர் நிஜப் பெட்டிக்குள் போயிற்று.

அந்தக் களேபரத்தில் அந்தச் சிறுமி கை தூக்கினாள். "சார், ஜன்னல்ல காக்கா உக்காந்திருக்குதுங்க. அதும் டைனோசர்தானுங்க."

"குல்! குல்!" என்று ஒரே கூச்சல். இங்கே புளுகுக்கு அதுதான் பெயர்.

"இல்லீங்க சார், நெசமாத்தானுங்க. அம்மா சொன்னாங்க."

பந்தலில் தோற்றவன் வேறெங்காவது ஜெயித்தாக வேண்டுமே. "நல்ல கற்பனைம்மா" என்று அவள் சொன்னதை எழுதிக் கதைப் பெட்டியில் போட்டேன். தலையை வேறு தடவிக் கொடுத்தேன். வகுப்பு முடிவதற்குள் அவளுக்கே 'குல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மதியம் சாப்பிட்டுவிட்டு எலும்புப் புத்தகத்தைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில், அழிந்தது போகப் பிழைத்த டைனோசர்கள்தான் இன்றைய பறவைகள் என்று, பறவைக் காலின் படத்தோடு போட்டிருந்தது. நான் புத்தக மதிப்புரை எழுதுகிறவன். கடைசிப் பக்கம்வரை படிக்காமலே எழுதுவது பழக்கம்; இதுவரை ஒருமுறைகூட மாட்டியதில்லை.

அவள் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"இனி வரமாட்டேங்கறா சார். 'நான் பொய் சொல்றவளாம்மா?'ன்னு கேட்டுட்டே இருக்கறா. நான்தான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டனோன்னு எனக்கே சந்தேகமாப் போச்சுங்க."

"தப்பு என்னோடதுங்க. ஒரே ஒரு வாரம் கூட்டிட்டு வாங்க. அவ பேச வேண்டாம். நான்தான் பேசணும்."

அடுத்த ஞாயிறு அம்மாவின் துப்பட்டாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வந்தாள். நான் கதைப் பெட்டியிலிருந்து அந்தச் சீட்டை எடுத்தேன். கடைசிப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். "இதை நான் போன வாரம் படிக்கலை. படிக்காமலே தீர்ப்புச் சொல்லிட்டேன். அவ சொன்னது நிஜம்."

பந்தல் சாட்சிகளில் ஒருவன் எழுந்தான். "அப்ப குல் விட்டது நீயா காக்கு?"

"ஆமாம்."

அந்த வகுப்பில் நான் கொடுத்த சந்தோஷங்களிலேயே பெரியது அதுதான். கைதட்டினார்கள்.

சீட்டை அவளிடம் நீட்டினேன். பெட்டியில் 'நிஜம்' என்று எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டிச் சரிபார்த்துவிட்டுத்தான் உள்ளே போட்டாள். என்னை நம்பிப் பயனில்லை என்று தெரிந்திருக்கிறது. பிறகு என் பேனாவை வாங்கி இன்னொரு சீட்டில் 'சாருக்குத் தெரியல' என்று எழுதி, யாரையும் கேட்காமல் அதே பெட்டியில் போட்டாள்.

ஜன்னலில் காகம் வந்து உட்கார்ந்தது. எல்லாரும் ஓடினார்கள். நடுவில் அவள்.

"அதோட காலைப் பாருங்க. செதில் செதிலா இருக்குதல்ல?"

ஏழு தலைகள் குனிந்தன. அவளைவிட அரைச்சாண் உயரமான சாட்சிக்காரன் ஓரடி பின்வாங்கி, "கடிக்குமா தீதி?" என்று அவளை அக்கா முறை வைத்துக் கேட்டான்.

"பிஸ்கட் போட்டாக் கடிக்காதுடா" என்றாள்.