மால்கம் பேரில் ஒரு தண்ணீர் பில்

இங்கிலாந்தின் கடலோர ஊரான ரெட்காரில் மால்கம் ட்வெடிலைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவர் கையெழுத்து போடாத ஊஞ்சலில் ஆடியவர்கள் இருக்க முடியாது. முப்பத்தோரு வருடம் கவுன்சிலில் விளையாட்டுத் திடல் பரிசோதகராக இருந்தவர். ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்து உலுக்குவார். சறுக்குமரத்தில் தானே ஏறிச் சறுக்குவார். ராட்டினத்தில் பிள்ளைகளின் விரல் மாட்டுமா என்று பார்க்க ஒரு கேரட்டை இடுக்கில் நுழைப்பார். கேரட் முறிந்தால் அன்றைக்கே ராட்டினத்துக்குப் பூட்டு. பிள்ளைகள் கதறும், அம்மாக்கள் திட்டுவார்கள், மால்கம் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. மீன் வறுவல் கடையில் நாற்காலியை ஆட்டிப் பார்க்காமல் உட்கார மாட்டார். மச்சினன் மகள் கல்யாணத்தில் மேடைக்கு அடியில் புகுந்து போல்ட்டுகளைச் சோதித்தார். மணமக்கள் மோதிரம் மாற்றும் படத்தில் இவருடைய இரண்டு கால்களும் கீழே நீட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தப் படத்தை அந்த வீட்டில் இன்னும் மாட்டவில்லை.

இவ்வளவு ஜாக்கிரதையான மனிதருக்குக் குதிரைப் பந்தயம் என்று வந்துவிட்டால் மட்டும் புத்தி புல் மேயப் போய்விடும். ஊருக்கெல்லாம் பத்திரம் பார்த்தவர், சமையலறையைப் புதுப்பிக்கச் சேர்த்து வைத்திருந்த ஒன்பதாயிரம் பவுண்டை ஒரே குளிர்காலத்தில் கைபேசி வழியாகவே கரைத்தார். மனைவி ஏவ்ரிலுக்கு அது தெரிந்தது, அடுப்பு வாங்கக் கடைக்குப் போய்க் கார்டை நீட்டியபோது.

ஏவ்ரில் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் முன்னூறு பிள்ளைகளை ஒரு கரண்டியால் அடக்கியவள். அவள் கத்தவில்லை. கணவரை மேஜை முன் உட்காரவைத்தாள். 'என்னை ஆடவிடாதீர்கள்' என்று நம் பெயரை நாமே கொடுத்துவிடும் பட்டியல் ஒன்று உண்டு. கொடுத்துவிட்டால் நாட்டில் உரிமம் பெற்ற எந்தப் பந்தயத் தளமும் நம்மை உள்ளே விடாது. அதைத் திறந்து வைத்தாள்.

"அஞ்சு வருஷம்னு போடு."

"முதல்ல ஒரு ஆறு மாசம் போட்டுப் பாப்போமே, ஏவ்ரில்?"

"ஆறு மாசத்துக்கு நான் என்ன இந்த வீட்டுக்கு வாடகைக்கா வந்திருக்கேன்? அஞ்சுன்னு போடு."

போட்டார். அதோடு விடவில்லை அவள். எரிவாயு, மின்சாரம், தண்ணீர், டிவி உரிமக் கட்டணம் எல்லாம் அவள் பேருக்கு மாறின. நாய் ஒன்று வளர்த்திருந்தால் அதையும் மாற்றியிருப்பாள். ஓய்வூதியம் வரும் வங்கிக் கார்டு அவளுடைய கைப்பைக்குள் போனது. மால்கமுக்கு வாரம் முப்பது பவுண்டு.

"இன்னொரு தடவை இது நடந்துச்சுன்னா நான் சத்தம் போட மாட்டேன், மால்கம். விட்பியில எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வர மாட்டேன்."

சும்மா சொல்கிறவள் இல்லை அவள். தெருமுனைக் கறிக்கடைக்காரன் ஒருமுறை எடையில் கை வைத்தான் என்று, பத்தொன்பது வருடமாக அந்தக் கடை இருக்கும் பக்கமே நடப்பதில்லை. மால்கமுக்கு ஏவ்ரில் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே தெரியாது. இரண்டு வருடம் நான்கு மாதம் ஒழுங்காக இருந்தார்.

அதைக் கெடுத்தவன் ஸ்டுவர்ட். புல்தரையில் பந்துருட்டும் கிளப்பில் இவரோடு ஆடுகிறவன்.

"அந்தப் பட்டியலெல்லாம் நம்ம நாட்டுக் கம்பெனிக்குத்தாம்ப்பா. கடல் தாண்டி ஏதோ ஒரு தீவுல உக்காந்து நடத்துறான் பாரு, அவனுக்கு உன் பேரும் தெரியாது, உன் பொண்டாட்டி பேரும் தெரியாது."

"அது பத்திரமா?"

"பாத்துப் போனா பத்திரம்தான்."

'பாத்துப் போனா' என்ற சொல்தான் மால்கமைக் கவிழ்த்தது. பார்ப்பதுதானே அவர் தொழில்! ஏவ்ரிலுக்குக் கொடுத்த வாக்கு இந்த நாட்டுக்குத்தான் பொருந்தும், தீவுகளைப் பற்றிப் பேச்சே வரவில்லை என்று தோட்டத்துக் கொட்டகையில் உட்கார்ந்து தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார். சொந்த வழக்கில் மனிதன் நல்ல நீதிபதி.

பதினேழு தளங்களை வரிசையாகச் சோதித்தார். அடியில் போட்டிருக்கும் உரிம முத்திரையை அமுக்கிப் பார்த்தார். ஒன்பது தளங்களில் அது வெறும் படம், அமுக்கினால் எதுவும் திறக்கவில்லை. மூன்று தளங்களுக்கு முதலாளி யார் என்று முதலாளிக்கே தெரியாது போலிருந்தது. ஒரு தீவின் உரிம அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கால் மணி நேரம் மணியடிக்க விட்டார். எடுக்க ஆள் இல்லை. கடைசியில் தேறியது ஒன்றே ஒன்று: 'கேப்டன் பஃபின்.' தொப்பி போட்ட கடல்பறவை ஒன்று கண்ணடிக்கும். அதன் விதிமுறைகள் அறுபத்து நான்கு பக்கம். அதை முழுதாகப் படித்த முதல் மனிதர் மால்கமாகத்தான் இருப்பார். எழுதியவர்களே படித்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

படித்ததோடு நிற்காமல், அரட்டைப் பெட்டியில் பதில் சொல்லும் சோஃபியா என்ற பெண்ணுக்கு எழுதினார்:

"உங்கள் 22-ஆம் விதியில் ஓட்டை இருக்கிறது. ஜெயித்த பணத்தை எடுக்க 'தகுந்த ஆவணம்' வேண்டும் என்று மொட்டையாகப் போட்டிருக்கிறீர்கள். இப்படி இருந்தால் வாடிக்கையாளரை இஷ்டத்துக்கு அலையவிடலாம். வங்கிக் கடிதத்தை எந்தப் பயலும் வீட்டிலேயே அச்சடிப்பான். தண்ணீர், எரிவாயு, மின்சாரம், இந்த மூன்றில் ஒரு பில். வாடிக்கையாளர் பேரில். வேறு எதுவும் செல்லாது. தெளிவாக எழுதுங்கள்."

"அருமையான யோசனை மால்கம்! மேலிடத்துக்கு உடனே அனுப்பிட்டேன்!" என்றாள் சோஃபியா.

எட்டே நாளில் 22-ஆம் விதி அவர் எழுதியபடியே, ஒரு சொல் பிசகாமல் மாறியிருந்தது. மால்கமுக்குக் கண் கலங்கிவிட்டது. கவுன்சிலில் ஒரு ஆணியை மாற்றச் சொன்னாலே மூன்று கமிட்டி உட்காரும். இங்கே கடல் கடந்த ஒரு நிறுவனம் அவர் பேச்சைக் கேட்கிறது. அன்று மாலையே மூலைக்கடையில் இருபது பவுண்டுக்கு வவுச்சர் வாங்கி, அதன் எண்ணை அடித்துப் பஃபின் கணக்கில் ஏற்றினார்.

ஜூன் மாதம், ரெட்கார் மைதானத்தில் பந்தய நாள். மைதானம் அவர்கள் வீட்டுப் பின்சுவரிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே ஓடும் குதிரைகள்மேல், ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருக்கும் தீவு வழியாக, கொட்டகையில் ஒளிந்துகொண்டு பன்னிரண்டு பவுண்டு கட்டினார். நான்கு குதிரைகள், நான்கும் ஜெயித்தால்தான் காசு. மூன்று ஜெயித்தாகிவிட்டது. நான்காவது 'பிஷப்பின் குடை.' கைபேசியில் படம் ஒரு நிமிடம் பிந்தி வருகிறது. சுவருக்கு அப்பால் ஒலிபெருக்கி முந்திக்கொண்டு கத்துகிறது. "பிஷப்பின் குடை! பிஷப்பின் குடை!" என்று ஊரே அலறியது. கொட்டகைக்கு வெளியே ஏவ்ரில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மால்கம் தொப்பியைக் கழற்றி வாயில் திணித்துக்கொண்டார். அப்படியும் பாதிச் சத்தம் வெளியே வந்துவிட்டது.

"என்ன ஆச்சு உனக்கு?" ஏவ்ரில் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"குளவி. கொட்டிடுச்சு."

"எங்க?"

ஏதோ ஒரு விரலை நீட்டினார். அவள் ஓடிப்போய் வினிகர் கொண்டுவந்து, ஒன்றுமில்லாத அந்த விரலில் பஞ்சால் ஒற்றி ஒற்றித் துடைத்தாள். ஊதியும் விட்டாள். மால்கமுக்கு அந்த இடம் நிஜமாகவே வலித்தது.

நாலாயிரத்து நூற்றெண்பது பவுண்டு. எடுக்கப் போனார்.

"வாழ்த்துக்கள் மால்கம்! விதி 22-படி, தண்ணீர், எரிவாயு, மின்சாரம் இதுல ஒரு பில், உங்க பேர்ல அனுப்புங்க."

"ஓய்வூதியக் கடிதம் இருக்கிறது. கார் ஓட்டும் உரிமம் இருக்கிறது. நூலக அட்டைகூட இருக்கிறது."

"மன்னிக்கணும் மால்கம். வேற எதுவும் செல்லாதுன்னு விதி ரொம்பத் தெளிவா இருக்கு."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவர்கள் உலகத்தில் பல பேர். சூனியத்துக்கு மந்திரமும் தானே எழுதிக் கொடுத்தவர் இவர் ஒருவர்தான். வீட்டில் அவர் பேரில் ஒரு பில் கிடையாது. இனி அது கிடைக்க வேண்டுமென்றால் ஏவ்ரிலைத்தான் கேட்க வேண்டும். ஏன் என்று அவள் கண்டுபிடித்துவிட்டால் விட்பி. மூன்று நாள் ஒத்திகை பார்த்துவிட்டு, அவள் பாத்திரம் கழுவும்போது ஆரம்பித்தார்.

"ஏவ்ரில், அந்தத் தண்ணி பில்லை என் பேர்ல மாத்திக்கட்டுமா?"

"தண்ணிக்கு என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் வரல. ஒரு மனுஷனுக்குத் தன் பேர்ல ஏதாவது ஒண்ணு இருக்கணும்ல?"

அவள் திரும்பி அவரை உற்றுப் பார்த்தாள். கையிலிருந்து நுரை சொட்டியது. மறுபடி கழுவ ஆரம்பித்தாள். மால்கம் அன்றிரவு தூங்கவில்லை.

பத்து நாள் கழித்து மாலைச் சாப்பாட்டுக்கு பார்மோ செய்திருந்தாள். கோழியைத் தட்டிப் பொரித்து மேலே சீஸ் உருக்கி ஊற்றுவது. பிறந்தநாளுக்கு மட்டும்தான் செய்வாள். தட்டுக்குப் பக்கத்தில் ஓர் உறை, 'திரு. எம். ட்வெடில்' என்று. உறைமேல் அவருடைய ஓய்வூதியக் கார்டு.

"பில்லை மாத்திட்டேன். கார்டையும் நீயே வெச்சுக்கோ," என்றாள். "வாராவாரம் என்கிட்ட காசு வாங்கும்போது நீ தரையைப் பாக்குற. எனக்கு அது பிடிக்கல, மால்கம். நீ ஒழுங்காத்தான் இருக்க. நான்தான் இன்னும் ஜெயில்காரி மாதிரி இருக்கேன். மன்னிச்சிடு."

மால்கம் பார்மோவை மிச்சம் வைத்து எழுந்தது வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான்.

கொட்டகைக்குப் போய் பில்லைப் படம் எடுத்தார். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. பஃபின் பணம் கொடுத்துவிடும், அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. சோதித்துப் பார்த்தவர் அவரல்லவா? அப்போதுதான் தன் இன்னொரு கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று கவனித்தார். விதைப் பொட்டலத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை ரிப்பன் ஊரில் ஓடும் குதிரைகள். பணம் வரவே இல்லை, அதற்குள் காகிதத்தில் முழுவதையும் கட்டியாகிவிட்டது.

எழுந்து வீட்டுக்குள் போய் எல்லாவற்றையும் சொன்னார். பதற்றத்தில் 22-ஆம் விதியிலிருந்து ஆரம்பித்துப் பின்னாடியே போனதால், ஏவ்ரிலுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி:

"அப்போ குளவி?"

"குளவி இல்ல."

"நான் வினிகர் போட்டேனே."

"போட்ட."

அவள் முகம் போன போக்கைப் பார்த்து, கத்தித் தொலைத்தால் தேவலை என்றிருந்தது மால்கமுக்கு. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எவ்வளவு?"

"நாலாயிரத்து நூத்தி எம்பது."

ஏவ்ரில் கதவு தொங்கும் அலமாரியைப் பார்த்தாள். மூன்று வருடமாக ஒரு பக்கம் மட்டும் எரியும் அடுப்பைப் பார்த்தாள்.

"அனுப்பு பில்லை."

"என்னது?"

"தொலைச்சதுல பாதியாவது திரும்பி வரட்டும். விட்பிக்குப் போறதை அப்புறம் யோசிக்கிறேன்."

"வேணாம், ஏவ்ரில்."

"ஏன், தர மாட்டானா?"

"தருவான். அதான் எனக்குப் பயம். ஏமாத்துனான்னா கோவம் வரும், ரெண்டு நாள் திட்டிட்டு விட்டுடுவேன். கையில காசைக் கொடுத்துட்டான்னா அவன்மேல நம்பிக்கை வந்துடும். அப்புறம் நான் திரும்பி வர மாட்டேன்."

அது அவள் சொன்ன வார்த்தை. இப்போது அவர் வாயிலிருந்து கேட்டபோது, அடுப்பைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

அவள் பக்கத்திலேயே இருக்க, கணக்கை மூடச் சொல்லி எழுதினார். "பிரியுறது கஷ்டமா இருக்கு மால்கம்! இருநூறு பவுண்டு இலவசமா தர்றோம்!" என்றாள் சோஃபியா. மூடுங்கள் என்றார். முந்நூறு என்றாள். இருப்பில் இருப்பது முழுக்கப் போய்விடுமே என்றாள். மால்கமின் கட்டைவிரல் தயங்கியது. ஏவ்ரில் கைபேசியைப் பிடுங்கி நான்கே சொல் அடித்தாள்: "நான் அவர் மனைவி பேசுகிறேன்."

ஒரு நிமிடத்தில் கணக்கு மூடப்பட்டது. கண்ணடிக்கும் பறவையையும் காணோம்.

அதற்குப் பிறகுதான் ஏவ்ரில் அழுதாள். பணத்துக்காகவா, வினிகருக்காகவா என்று மால்கம் கேட்கத் துணியவில்லை. ஒரு கோப்பை தேநீர் போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தள்ளியே நின்றார்.

"விட்பிக்குப் போறியா?"

அவள் கார்டை எடுத்துக் கைப்பைக்குள் போட்டு மூடினாள். பிறகு பில்லை அவர் பக்கம் தள்ளினாள்.

"இது உன் பேர்ல வந்திருக்கு. உன் முப்பது பவுண்டுல நீயே கட்டு. மாசாமாசம் இது கட்டியிருக்கிற வரைக்கும் நான் எங்கயும் போகல."