சீறும் குஞ்சு

அருப்புக்கோட்டையில் காக்கட்டீல் என்னும் கொண்டைக் கிளிகளை வளர்த்து விற்பவர் அவர். ஒல்லியான உடம்பு. பேசும்போதே கூண்டுக் கொக்கியை இழுத்து இழுத்துப் பார்ப்பார்.

தோளில் வந்து உட்காரும்படி, கையால் ஊட்டி வளர்த்த குஞ்சு ஒன்று கேட்டேன்.

“அது மட்டும் கேக்காதீக. முன்னாடி ஒரு குஞ்சைச் சிரிஞ்சுல ஊட்டி வளத்தேன். யாரைக் கண்டாலும் வாயைத் தொறந்துக்கிட்டு ஓடும். பூனைகிட்டயும் அப்படித்தான் ஓடுச்சு. எறகுதான் மிஞ்சுச்சு. பயப்படத் தாய்தான் சொல்லிக் குடுக்கும். எனக்குத் தெரியலையே!”

தாய் ஊட்டிய குஞ்சைத்தான் தந்தார். கையை நீட்டினாலே சீறிக்கொண்டு மூலைக்குப் போய்விடும்.

நேற்று முதன்முறையாகச் சீறாமல் வந்து என் விரலில் ஏறியது. நான் ஆசைப்பட்டது அதற்குத்தான். ஆனாலும் சட்டென்று அதைக் கூண்டுக்குள் விட்டுவிட்டு, அவரைப் போலவே கொக்கியை இழுத்து இழுத்துப் பார்த்தேன்.