ஏரி கடலுக்குப் போன மதியம்

எங்கள் கடற்கரையில் அவளைக் குடையக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். வாடகைக்குக் குடை நடுவதும் சாய்வு நாற்காலி போடுவதும் அவள் தொழில். காலையில் கடப்பாரையால் மணலில் குழி போட்டு, குடைக் காம்பை இறக்கி, சுற்றிலும் மிதித்து இறுக்குவாள். நாற்காலி மேல் ரெக்சின் உறை தைத்த மெத்தையை விரித்து, ஈரத்துணியால் ஒரு தடவை துடைப்பாள். அதற்கப்புறம் நாள் முழுக்க நிழலோடுதான் வேலை. வெயில் நகர நகர ஒவ்வொரு குடையாகப் போய்ச் சாய்த்துவிட வேண்டும். படுத்திருப்பவர் தூக்கம் கலையாமல் அதைச் செய்வதில் அவளுக்கு ஒரு பெருமை.

"தூங்குறவங்களுக்குத் தெரியாம, சாமி வந்து போன மாதிரி போயிடணும்" என்பாள்.

கடற்கரைக்குப் பின்னால் மணல்மேடு. மேட்டுக்கு அந்தப் பக்கம் ஏரி. மழைத் தண்ணீரும் காட்டுத் தண்ணீரும் வந்து சேருகிற இடம். சுற்றிலும் மரங்கள் இருப்பதால் இலையும் வேரும் ஊறி ஊறி, தண்ணீர் பால் விடாத டீ மாதிரி இருக்கும். மழைக்காலத்தில் ஏரி நிறைந்து, ஒருநாள் மணல்மேட்டை உடைத்துக்கொண்டு கடலுக்குள் இறங்கும். ஏரி வாய் திறந்துவிட்டது என்று சொல்வோம். அன்றைக்குக் கடல் கண்ணுக்கெட்டிய தூரம் பழுப்பாகிவிடும். சில நாளில் அலை மணலைக் கொண்டுவந்து போட்டு வாயை மூடிவிடும். பிறகு ஏரி மறுபடி நிறைய ஆரம்பிக்கும்.

குளிக்க வருகிறவர்களுக்கு இது புரியாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடையக்காவிடம் வருவார்கள்.

"என்னம்மா இது, சாக்கடையைக் கடல்ல விடுறாங்களா?"

"சாக்கடை இல்லைங்க, ஏரித் தண்ணி. இலை ஊறின நிறம். மோந்து பாருங்க, நாத்தம் வருதா?"

ஒரு தடவை ஒருத்தர் விடவில்லை. அப்படியானால் ஒரு வாய் குடித்துக் காட்டு என்றார்.

"நீங்க முதல்ல கடல் தண்ணிய ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க, அப்புறம் நான் இதைக் குடிக்கிறேன்" என்றாள். அவர் சிரித்துவிட்டு, மாலை வரைக்கும் குடைக்கு அடியிலேயே படுத்துக் கிடந்தார்.

அந்த ஏரியில் மிதிபடகு விடுகிறவன் அவள் சொந்தத் தம்பி. நாலைந்து சாதாரணப் படகுகளும், அன்னம் மாதிரிக் கழுத்து நீண்ட ஒரு வெள்ளைப் படகும் அவனிடம் இருந்தன. அக்காவும் தம்பியும் ஒரு மணல்மேட்டின் இரண்டு பக்கமும் தொழில் செய்தார்கள். ஆனால் முகம் கொடுத்துப் பேசி வருஷக்கணக்காகியிருந்தது.

சண்டைக்குக் காரணமும் ஏரிதான். ஒரு வருஷம் ஏரி தளும்ப நிறைந்திருந்தது. அவன் படகுக்கெல்லாம் புதுப் பெயின்ட் அடித்து, கூட்டம் வரும் என்று காத்திருந்தான். விடிந்து பார்த்தால் ஏரி வாய் திறந்து, படகெல்லாம் சேற்றில் உட்கார்ந்திருக்கிறது. வழக்கமாகக் குடைகள் பக்கம் திறக்கிற வாய், அந்தத் தடவை குடைகளுக்கு ரொம்பத் தள்ளித் திறந்திருந்தது. பக்கத்தில் அவள் கடப்பாரை கிடந்தது. முந்தின நாள் குடை நட அந்தப் பக்கம் இடம் பார்க்கப் போனபோது அவள் மறந்து விட்டுவந்தது அது. அவன் நேராகக் கடற்கரைக்கு வந்து, வாடிக்கைக்காரர்கள் நடுவில் நின்று கேட்டான்.

"உன் குடைக்கு இடைஞ்சல்னு என் ஏரியை வெட்டி விட்டியா?"

அவள் வெட்டவில்லை. ஆனால் வெட்டவில்லை என்று சொல்லவும் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் கேட்டது சரி என்று ஆகிவிடும் என நினைத்தாள். குடையைச் சாய்த்துவிட்டு அந்தப் பக்கம் நடந்துவிட்டாள். அவ்வளவுதான், பேச்சு நின்றுபோனது.

நடுவில் மாட்டிக்கொண்டவர் அவள் வீட்டுக்காரர். தங்கும் விடுதி ஒன்றில் சமையல்காரர். நாளெல்லாம் ஊருக்குச் சமைத்துவிட்டு, சாயங்காலம் மச்சான் வீட்டிலும் சாப்பிடுவார், தன் வீட்டிலும் சாப்பிடுவார். சமாதானம் பண்ணி வைக்கக்கூடாதா என்று யாராவது கேட்டால், "ரெண்டு வீட்டுச் சாப்பாடும் எனக்கு ஒத்துக்குது" என்பார்.

அந்த மதியம் வந்தது ஒரு நீண்ட மழைக்குப் பிறகு. விட்டுவிட்டுப் பெய்த மழை நின்று, வெயில் கழுவிவிட்ட மாதிரி அடித்தது. கூட்டம் திரும்பி வந்திருந்தது. கடல் அலுத்துப் படுத்திருந்தது, கரையோரம் மட்டும் அலை புரண்டது. குடையக்கா எல்லாக் குடையையும் நட்டிருந்தாள்.

முதலில் வந்தது கயிறு தடிமனுக்கு ஒரு பழுப்புக் கோடு. மேட்டிலிருந்து குடைகளுக்கு நடுவே நெளிந்து இறங்கியது. பிள்ளைகள் அதற்கு அணை கட்டி விளையாடினார்கள். அவள் மேட்டைத் திரும்பிப் பார்த்தாள். கோடு இடுப்பகலம் ஆகியிருந்தது. கரை மணல் துண்டு துண்டாக, கேக்கை வெட்டின மாதிரி, சரிந்து விழுந்துகொண்டிருந்தது.

"எந்திரிங்க, எந்திரிங்க! பிள்ளைங்களத் தூக்குங்க!"

தூங்கினவர்களை அவள் தட்டி எழுப்பியது தொழிலுக்கு வந்து அதுதான் முதல் தடவை. எல்லாரும் ஒதுங்கினார்கள். குடைகளைப் பிடுங்கி மேட்டுப் பக்கம் எறிந்தாள். கடைசியாக ஒரு நாற்காலி. அதைப் பிடித்து இழுக்கும்போது காலடி மணல் அப்படியே கழன்றது. நாற்காலி ஒரு பக்கம் போனது. அவள் தண்ணீரோடு போனாள். நீச்சல் தெரியாது. கைக்கு அகப்பட்டது அந்த மெத்தைதான். அதைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

கண்ணைத் திறந்தபோது இரைச்சல் பின்னால் போயிருந்தது. கரையில் ஆட்கள் கை ஆட்டினார்கள், வாய் திறந்து மூடினார்கள், ஒன்றும் கேட்கவில்லை. எறிந்த குடைகள் சட்டைப் பித்தான் மாதிரிச் சின்னதாகத் தெரிந்தன. தண்ணீர் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

பயம் எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை என்று பிற்பாடு சொன்னாள். உதட்டை நக்கினாள், உப்பில்லை. நடுக்கடலில் நல்ல தண்ணீர்! மார்பு வரைக்கும் வெதுவெதுப்பு, தொங்கிய கால் மட்டும் சில்லென்று இருந்தது. ஏரி மேலே, கடல் கீழே, நடுவில் அவள். பக்கத்தில் இலைகள் வந்தன. ஓர் அல்லிப்பூ தண்டோடு நிமிர்ந்தபடி வந்தது. குட்டி மீன்கள் வழி தவறின மாதிரி மெத்தையின் நிழலுக்குள் ஒண்டிக்கொண்டன. தன் கையைத் தண்ணீருக்குள் பார்த்தாள். செம்பில் வார்த்த மாதிரி, யாருடைய கையோ போல அழகாக இருந்தது.

கொஞ்ச தூரத்தில் பழுப்பு முடிந்தது. புடவைக் கரை போல நுரையால் ஒரு கோடு. அதற்கப்புறம் நீலம். கோடு வரைக்கும் வந்த தண்ணீர் அங்கே தயங்கி நின்றது, அவளும் நின்றாள். கொடியில் காயப்போட்ட துணி ஞாபகம் வந்தது. எடுத்து மடிக்க ஆளில்லையே என்று மட்டும் தோன்றியது. கன்னத்தை மெத்தையில் வைத்தாள். தூக்கம் வந்தது.

"அக்கா!"

தலையைத் தூக்கினால், பழுப்புக் கடல் மேல் ஓர் அன்னம் வந்துகொண்டிருந்தது. வெள்ளைக் கழுத்து, சிவப்பு மூக்கு, மை தீட்டின கண். செத்துப்போய்விட்டோம், அழைத்துப்போக வாகனம் வந்துவிட்டது என்றே அவள் நினைத்தாள். பிறகுதான் அதற்குள் உட்கார்ந்து மூச்சிரைக்க மிதித்துக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்தாள். ஏரி வாயில் படகுகளைக் கட்டிக்கொண்டிருந்தவனுக்குக் கூச்சல் கேட்டிருக்கிறது. கையிலிருந்த படகில் ஏறித் தண்ணீரோடு வந்துவிட்டான்.

கையைக் கொடுத்து இழுத்தான். அவள் ஏறினாள். மெத்தையை விடவில்லை.

"அதை விட்டுத் தொலையேன்!"

"வாடகை மெத்தைடா."

இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஏரித் தண்ணீர் இன்னும் வேகமாக வெளியே வந்துகொண்டிருந்ததால் நேராகத் திரும்ப முடியாது. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, பக்கவாட்டில் மிதித்துப் போய்க் கரை ஏறலாம் என்றான். அன்னம் லேசாக ஆடியது.

"நான் வெட்டலடா" என்றாள் அவள்.

"தெரியும்."

"எப்போ தெரியும்?"

"அன்னைக்கே. வீட்டுக்குப் போறதுக்குள்ளயே தெரிஞ்சுபோச்சு. ஏரி யாரைக் கேட்டுப் போகுது?"

"அப்புறம் ஏன்டா வந்து சொல்லல?"

அவன் அன்னத்தின் கழுத்தைத் தடவினான். "நீ வந்து திட்டுவேன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். திட்டினா மன்னிப்புக் கேட்டுடலாம்னு. நீ வரவே இல்ல."

அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

"பொண்ணு பொறந்தப்பகூட நீ வரல" என்றான்.

"நீ கூப்பிட்டியா?"

"மாமாகிட்ட சொல்லி அனுப்பினேனே."

"அந்த மனுஷன் வந்து, சாப்பாடு நல்லா இருந்துச்சுன்னு மட்டும்தான் சொன்னாரு!"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் படகு ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீர் ஏறியது. கைகளால் அள்ளி அள்ளிக் கொட்டினார்கள்.

அப்புறம் மிதித்தார்கள். அவளுக்குக் கால் எட்டவில்லை. இருக்கையின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்து மிதித்தாள். "இடது பக்கம் அழுத்து", "அழுத்துறேன்டா, கத்தாத" என்று வழியெல்லாம் சத்தம். நீலத்துக்குள் கொஞ்சம் போய், பழுப்பைச் சுற்றி வளைத்துக் கரைக்குத் திரும்பினார்கள். கடைசி அலை மட்டும் ஏமாற்றிவிட்டது. அன்னத்தைக் குப்புறக் கவிழ்த்து, அக்கா தம்பி இருவரையும் மணலில் உருட்டிவிட்டது. கழுத்தில் ஒரு விரிசல். கூட்டம் ஓடிவந்து தூக்கியது. சமையல்காரர் கையில் கரண்டியோடு நின்றிருந்தார். "ரெண்டு பேரும் சாப்பிட்டீங்களா?" என்றார். அவருக்கு விழுந்த திட்டு கடற்கரை முழுக்கக் கேட்டது.

கடல் பல நாள் பழுப்பாகவே கிடந்தது. குளிக்க ஆள் வரவில்லை, குடை நட வேலையில்லை. அந்த வாரம் குடையக்கா மணல்மேட்டை ஏறி, அந்தப் பக்கம் இறங்கினாள். தம்பி பொண்டாட்டி சோப்பு நுரைக் கையோடு வாசலுக்கு வந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "உள்ள வாங்க அண்ணி" என்றாள். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன முகம் எட்டிப் பார்த்தது.

"நீங்க யாரு?"

"உன் அத்தை."

"எந்த ஊரு அத்தை?"

"இந்த மேட்டுக்கு அந்தாண்டைதான்" என்றாள்.

சாயங்காலம் எல்லாருமாக வற்றின ஏரிக்குள் இறங்கினார்கள், சேற்றில் உட்கார்ந்த படகுகளை மேலே இழுக்க. தரை கறுப்பாக, மெத்தென்று இருந்தது. நடுவில் மிச்சமிருந்த தண்ணீரில் வானம் முழுசும் கிடந்தது. எங்கிருந்தோ வந்த வெள்ளைப் பறவைகள் சேற்றைக் கொத்திக்கொண்டு பொறுமையாக நடந்தன. பாதி வேலையில் பிள்ளை கால் வலிக்கிறது என்றாள். குடையக்கா தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கழுத்தோரம் மூச்சு சீராக வந்தது. தம்பி கயிற்றை நீட்டி, ஒரு கை பிடி அக்கா என்று கூப்பிட்டான்.

"இருடா, தூங்குறா" என்று மெல்லச் சொல்லிவிட்டு, அவள் அசையாமல் நின்றாள்.