மாரியின் காதில் ஓடிய பிரஸ் மெஷின்

1. கிளிக்

வண்டியூர் தெப்பக்குளத்துக்கு எதிரே மாடியில் என் ஸ்டுடியோ. குளம் நிறைந்திருக்கும் மாதங்களில் பிற்பகல் வெயில் தண்ணீரில் பட்டு, உள்ளே கூரையில் வந்து ஆடும். பாட வருகிறவர்கள் அதைப் பார்த்துப் பாட்டை மறந்து நிற்பார்கள். திரைச்சீலை போடச் சொல்லாத ஆள் இல்லை. எனக்குத்தான் மனம் வரவில்லை.

அப்படி ஒரு பிற்பகலில் மாரியும் ஜெயாவும் வந்தார்கள். 'நாலு முக்கு' என்ற ராப் குழு என்றால் இந்த இரண்டு பேர்தான். டிவியில் வந்ததில்லை, ஆனால் சிம்மக்கல் ஆட்டோக்காரர்கள் இவர்கள் பாட்டைப் போனில் வைத்திருந்தார்கள். மாரிக்கு வெளிநாட்டில் தொழிற்சாலை வேலை கிடைத்திருந்தது. மறுநாள் பயணம். அதோடு குழுவும் கலைகிறது. கடைசி ஆல்பத்தில் கடைசிப் பாட்டு மட்டும் பாக்கி.

ஜெயா தன் பகுதியை ஒரே மூச்சில் முடித்தாள். மாரிக்கு வரவேயில்லை. தாளம் தப்பாமலிருக்க ஹெட்போனில் 'டிக் டிக்' என்று கிளிக் ஓடவிடுவது எங்கள் தொழில் வழக்கம். மாரி அதற்கு முன்னால் ஓடினான், இல்லையென்றால் பின்னால் நொண்டினான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"ஏம்ப்பா, இம்புட்டுப் பாட்டுப் பாடினவன்தான நீ? இன்னைக்கு என்ன வந்துச்சு?"

"தெரியலண்ணே. வாய்க்குள்ள வார்த்தை நிக்குது. கால் வைக்க இடந்தான் தெரியல."

"கடைசிப் பாட்டுல மாரி இல்லாத ஆல்பம் எனக்கு வேணாம். எல்லாத்தையும் அழிச்சிருங்கண்ணே" என்றாள் ஜெயா. அவள் குரல் உடைந்ததும் என் கோபம் போய்விட்டது.

2. கப்பலூர்

மாரி ஸ்டுடியோ மைக் முன் நின்றது அன்றுதான் முதல்முறை. மற்ற பாட்டுகளையெல்லாம், கப்பலூரில் தகடு வெட்டும் கம்பெனியில் வேலை பார்த்தபடியே போனில் பாடி அனுப்புவான். இரைச்சலைத் துடைத்துப் பீட்டில் உட்கார வைப்பது என் வேலை. கடைசிப் பாட்டாவது சுத்தமாக இருக்கட்டும் என்றுதான் இங்கே வந்திருந்தார்கள்.

அவனுக்குத் தெம்பூட்ட, அவன் அனுப்பிய பழைய பதிவு ஒன்றைத் துடைக்காமல் அப்படியே ஓடவிட்டேன். குரலுக்குப் பின்னால் தகடு வெட்டும் பவர் பிரஸ் 'தடக்... தடக்' என்று இறங்கியது. மாரியின் வலது கால் தானாக ஆட ஆரம்பித்தது. ஜெயா அதைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணே, இவனுக்குக் கிளிக் வேணாம். இவன் மிஷினைக் குடுங்க!"

அவன் குரல் இல்லாத ஒரு துண்டை வெட்டி, திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்தேன். பீட்டையும் அந்த வேகத்துக்கு இறக்கினேன். மாரி கண்ணை மூடிக்கொண்டான். கூரையில் வெளிச்சம் ஆடியது, காதில் பிரஸ் இறங்கியது, அவன் பாடினான். இருபது வருஷத்தில் நான் கைவேலையை மறந்து உட்கார்ந்தது அன்று ஒருநாள்தான்.

பாடி முடித்து ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்தபடி கூரையையே பார்த்து நின்றான். ஹெட்போனிலிருந்து கசிந்த 'தடக் தடக்' மைக்கில் விழுந்துகொண்டிருந்தது. அதை வெட்டப் போனேன்.

"வெட்டாதீங்கண்ணே" என்றாள் ஜெயா. "அவன் போனப்புறமும் ஓடட்டும்."

ஆல்பம் அப்படித்தான் முடிகிறது.

3. பிறகு

இப்போதெல்லாம் யார் பாட வந்தாலும், ஹெட்போனைக் கொடுப்பதற்கு முன் "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டுவிடுகிறேன். தாளம் அவர்களிடமே இருக்கிறது. அது எங்கே என்று கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் நம் தொழில்.

மாரியிடமிருந்து போன மாதம் ஒரு குரல் செய்தி வந்தது.

"அண்ணே, இங்க மிஷினுக சத்தமே போட மாட்டேங்குது. நம்ம பாட்டோட கடைசியை மட்டும் காதுல ஓடவிட்டுத்தான் வேலை பாக்குறேன்."