மதினியோடு பார்த்த மூன்று பாகங்கள்

பேய்ப்படங்களின் இரண்டாம் பாகத்தின் மீது எனக்கு மரியாதை கிடையாது. முதல் பாகத்துப் பேய்க்கு ஒரு கோபம் இருக்கும். இரண்டாம் பாகத்துப் பேய்க்குப் பெரிய பட்ஜெட் இருக்கும், அவ்வளவுதான். இதை நான் வெறும் ரசிகையாகச் சொல்லவில்லை. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைவது என் வேலை. ஆர்டர் கொடுக்க வருகிற முதலாளிமார் என் கம்ப்யூட்டர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வருடா வருடம் ஒரே விஷயத்தைத்தான் கேட்பார்கள். "போன வருசம் மயிலு நல்லா ஓடுச்சும்மா. இந்த வருசம் ரெண்டு மயிலாப் போட்டுருங்க." நானும் போட்டுக் கொடுப்பேன். ஒற்றை மயிலுக்கு இருந்த மிடுக்கு இரண்டு மயிலுக்கு வரவே வராது. ஓடின சரக்கை மறுபடி ஓட வைக்கப் பார்த்தால் என்ன ஆகும் என்பதைச் சம்பளம் வாங்கிக்கொண்டு கற்றவள் நான்.

ஆனாலும் ஒரு பேய்ப்படத்தின் மூன்று பாகங்களையும் தியேட்டருக்குப் போய்ப் பார்த்தேன். மூன்றையும் என் மதினியோடு, அதாவது என் அண்ணன் மனைவியோடு பார்த்தேன். நடுவில் சில வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது நினைத்தால் மூன்றும் கலந்து ஒரே நீண்ட மத்தியானமாகத் தெரிகிறது. வெளியே கண் கூசுகிற வெயில், உள்ளே குளிர்ந்த இருட்டு, பக்கத்து இருக்கையில் மதினி.

முதல் பாகம் வந்தபோது அண்ணனுக்குக் கல்யாணமாகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அண்ணன் விருதுநகரில் மிளகாய் வத்தல் லாரி ஓட்டுகிறான். புதுப்பெண்டாட்டியை சினிமாவுக்குக் கூட்டிப்போக ஆசைப்பட்டு என்னை டிக்கெட் எடுக்கச் சொன்னான். அன்றைக்கென்று பார்த்து லோடு வந்துவிட்டது. "நீயே கூட்டிட்டுப் போயிட்டு வாத்தா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டான். என்ன படம் என்று அவனும் கேட்கவில்லை, மதினியும் கேட்கவில்லை. நான் எனக்குப் பிடித்த படத்துக்கு எடுத்து வைத்திருந்தேன்.

பஸ்ஸில் எங்களுக்குப் பேச ஒன்றுமில்லை. "தண்ணி குடிக்கிறீகளா மதினி?" என்று நான் ஒரு தடவை கேட்டேன். "வேணாம்" என்றாள் அவள். சிவகாசி வந்துவிட்டது.

அந்தப் படத்தில் பேயைக் கடைசிவரை காட்டவே மாட்டார்கள். ஒரு பழைய பங்களா, அதன் பின்கட்டில் ஒரு கிணறு. கிணற்றடியிலிருந்து ஈரமான காலடிகள் சிமெண்டுத் தரையில் ஒன்றன்பின் ஒன்றாக விழும். நடக்கிற ஆள் இருக்காது. தடம் மட்டும் கூடத்தைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, கட்டில் வரைக்கும் வரும். அது கட்டிலுக்கு வந்த நிமிடத்தில் மதினி என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி என்றால் சாதாரணப் பிடி இல்லை. திரை வெளிச்சத்தில் அவள் விரல்களைப் பார்த்தேன். மருதாணிச் சிவப்பு, நகக்கண்ணில் மட்டும் வெள்ளி மினுமினுப்பு. கல்யாணத்துக்கு முந்தின வாரம் வரை பிறந்த ஊரில் பூச்சட்டி வாணத்துக்கு மருந்து அடைத்த கை அது. அலுமினியப் பொடி நகத்தில் ஏறிவிட்டால் லேசில் போகாது.

"பிள்ள, அது போயிருச்சா? போனதும் சொல்லு, நான் கண்ணத் தொறக்க மாட்டேன்."

நானும் அப்போது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தேன். "போயிருச்சு மதினி" என்றேன். அவள் நம்பித் திறந்தாள். பேய் போகவில்லை. அவள் போட்ட சத்தத்தில் முன்வரிசை ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு இருவரும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் பேச நேரம் போதவில்லை. கல்யாணத்தில் ஆயிரம் சடங்கு நடந்தது, ஆனால் எங்களை உறவாக்கியது அந்தப் பேய்தான்.

இரண்டாம் பாகம் வருவதற்குள் அவள் எங்கள் ஊருக்குப் பக்கத்து பேக்டரியில் வேலைக்குச் சேர்ந்து பழகிவிட்டிருந்தாள். பட்டாசு பேக்டரியில் ஓர் அறைக்கு நான்கு பேர்தான் உட்காரலாம். செருப்பு போடக்கூடாது, ஓடக்கூடாது. இடி இடித்தால் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு, வரிசையாக வெளியே வந்து மரத்தடியைத் தாண்டிப் போய் நிற்க வேண்டும். மதினிக்கு வாசலை ஒட்டிய இடம். அவளுக்குக் காது கூர்மை. தூரத்தில் எங்கேயோ வானம் உறுமுவது மற்றவர்களுக்குக் கேட்கும் முன்னே அவளுக்குக் கேட்டுவிடும். அவள் எழுந்தால் அறையே எழும். அதைப் பார்த்து அடுத்தடுத்த அறைக்காரிகளும் எழுந்து வெளியே வந்துவிடுவார்கள். "ஒங்க மதினி எந்திரிச்சா நாங்களும் எந்திரிச்சிருவோம், எதுக்குன்னுகூட கேக்க மாட்டோம்" என்று அவள் கூட்டாளி ஒருத்தி என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்கு அவர்கள் எல்லாரும் வந்தார்கள். மதினியோடு பதினோரு பேர், என்னோடு பன்னிரண்டு, ஒரு முழு வரிசை. படம் நான் எதிர்பார்த்த லட்சணத்தில்தான் இருந்தது. பேயை இந்தத் தடவை தலைமுடி முதல் கால் நகம் வரை காட்டினார்கள். அதற்கு ஒரு காதலன், ஒரு குத்துப்பாட்டு. மனுசர்கள் மறுபடியும் அதே பங்களாவுக்குக் குடிவந்தார்கள். "ஊர்ல வேற வீடே வாடகைக்குக் கெடைக்கலியாக்கும்" என்று மதினி உரக்கச் சொல்ல, வரிசையே சிரித்தது. எங்களில் ஒருத்தரும் பயப்படவில்லை.

அப்போது படத்தில் இடி இடித்தது. தியேட்டரில் புதிதாக ஸ்பீக்கர் மாட்டியிருந்தார்கள். பின்சுவரில் தொடங்கிய உறுமல் எங்கள் தலைக்கு மேல் உருண்டு திரைக்குப் போனது. மதினி எழுந்தாள். அவள் எழுந்ததும் பத்துப் பேரும் எழுந்தார்கள். முறுக்குப் பொட்டலத்தை, தண்ணீர் பாட்டிலை, செருப்பை எல்லாம் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, ஓடாமல், ஒருவரை ஒருவர் இடிக்காமல், வெறுங்காலோடு வரிசையாகக் கதவைத் திறந்து வெளியே போனார்கள். காலியான வரிசையில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

ஓடிப்போய்ப் பார்த்தால் தியேட்டர் காம்பவுண்டில், சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம், கொதிக்கிற வெயிலில் பதினோரு பெண்களும் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வானத்தில் ஒரு துண்டு மேகமும் இல்லை. அந்த ஒரு நிமிடம் எனக்கு இன்னும் கனவு மாதிரிதான் இருக்கிறது. வெயில் அவர்கள் மீது மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு ஒருத்திக்கு விளங்கியது. "அடிப்பாவி மக்கா, படத்துல இடிச்சதுக்கா வந்தோம்!" அவள் சிரிக்க ஆரம்பித்தாள். மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். தரை சுட்டதால் உடனே குதித்து எழுந்தார்கள். மதினிதான் ரொம்ப வெட்கப்பட்டாள். இரண்டாம் பாகத்தில் நன்றாக இருந்த காட்சி அது ஒன்றுதான், அதுவும் திரையில் நடக்கவில்லை.

அடுத்த சீசனில் அந்த பேக்டரியில் விபத்து நடந்தது.

மத்தியானச் சாப்பாட்டு வேளை. மதினி தூக்குச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வேப்பமரத்தடியில் முந்தானையைத் தலைக்கு வைத்துக் கண்ணயர்ந்துவிட்டாள். அன்றைக்குக் குழாயில் தண்ணீர் விடிவதற்கு முன்பே வந்திருந்தது, எழுந்து குடம் குடமாகப் பிடித்திருந்தாள். ஆர்டர் அவசரம் என்று இரண்டு பேர் சாப்பிட்ட கையோடு அறைக்குள் போயிருந்தார்கள். அன்று வெயிலில் நின்று சிரித்த பதினோரு பேரில் இரண்டு பேர். வெடிச்சத்தத்தில் மதினி எழுந்து பார்த்தபோது அந்த அறை இருந்த இடத்தில் வானம் தெரிந்தது.

அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. எல்லாரும் சாமி காப்பாற்றியது என்றார்கள். அவள் என்னிடம் மட்டும், ஒரே ஒரு தடவை, கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது தலை நிமிராமல் சொன்னாள்: "நான் உறங்கிட்டேன் பிள்ள."

"அன்னைக்கு இடியும் இல்ல, மழையும் இல்ல மதினி. நீங்க முழிச்சிருந்தா மட்டும் என்ன செஞ்சிருப்பீக?"

அவள் கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள். நான் சொன்னது நியாயம்தான். நியாயத்தால் அவளுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை என்று அந்தக் கீரைக்கட்டு முடிவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

விபத்து நடந்த அன்றிலிருந்து அவள் உறங்கவில்லை. படுப்பாள், கண்ணை மூட மாட்டாள். நாங்கள் எல்லாரும் உறங்கும்வரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள், நாங்கள் எழும்போதும் அப்படியே இருப்பாள். அண்ணன் விருதுநகர் டாக்டரிடம் கூட்டிப்போனான். மாத்திரை கொடுத்தார்கள், தலைசுற்றல்தான் வந்தது. இருக்கன்குடிக் கோயிலுக்குப் போய் அம்மா முடி இறக்க நேர்ந்துகொண்டாள். இரண்டு மாதத்தில் மதினி பாதியாகிவிட்டாள். குழம்பில் இரண்டு தடவை உப்பு போட்டாள். ஒருநாள் நின்ற இடத்திலேயே மயங்கி விழுந்து நெற்றியில் தையல் போட்டார்கள். இப்படியே போனால் உடம்பு தாங்காது என்று டாக்டர் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். லாரி ஓட்டும்போது அண்ணன் அழுகிறான் என்று அவனோடு போகிற லோடுமேன் வந்து சொல்லிவிட்டுப் போனார். எனக்கு லேபிளில் ஒரு பூச்சட்டி வரையக்கூட மனசு வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மூன்றாம் பாகம் வந்தது. சுவரொட்டியை எங்கே பார்த்தாளோ, "மூணாவது வந்திருக்காம்ல?" என்று மதினியே கேட்டாள். இரண்டு மாதத்தில் அவள் தானாகக் கேட்ட முதல் விஷயம். "இவ இருக்கிற நெலமைக்குப் பேய்ப்படமா? கூறு கெட்டவளே" என்று அம்மா என்னை ஏசினாள். அம்மா ஏசியதில் தப்பில்லை. நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு விருதுநகருக்குக் கூட்டிப்போனேன்.

படம் படுமோசம். பேய்க்கு இப்போது குழந்தை பிறந்துவிட்டது. பங்களாவை விற்றுவிட்டு வெளிநாடு போயிருந்தார்கள், பேயும் பின்னாலேயே வந்துவிட்டது. எதற்கெடுத்தாலும் சத்தம். கதவு திறந்தால் சத்தம், பூனை வந்தால் சத்தம். தியேட்டரும் சும்மா இல்லை. காலேஜ் பையன்கள் ஊளையிட்டார்கள், பெண்கள் கிறீச்சிட்டார்கள், யாரோ ஒரு குழந்தை விடாமல் அழுதது. இதற்கா இவளைக் கூட்டி வந்தோம் என்று நொந்துகொண்டு, பயந்துவிட்டாளோ என்று திரும்பினேன். மதினியின் தலை மெல்லச் சாய்ந்து என் தோளில் வந்து நின்றது.

முதலில் மயக்கம் என்றுதான் பதறினேன். மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தேன். மூச்சு சீராக, நிதானமாக வந்துகொண்டிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. மதினி உறங்கிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு படத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நான் அசையவில்லை. நீல வெளிச்சமும் சிவப்பு வெளிச்சமும் அவள் நெற்றித் தையல் மீது மாறி மாறி விழுந்துகொண்டிருந்தன. பின்னாலிருந்து ஒருவன் விசிலடித்தான். திரும்பி, "தம்பி, கொஞ்சம் மெதுவா" என்றேன். பேய்ப்படத்தில் சத்தம் போடாதே என்று கேட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். இடைவேளையில் விளக்குகளைப் போட்டார்கள், அவள் எழவில்லை. தோள் மரத்துப்போயிற்று, பிறகு இருப்பதே தெரியவில்லை. நானும் பாதி உறக்கத்தில் மிதப்பது போலிருந்தேன். இந்தப் படம் முடியவே கூடாது என்று என் வாழ்க்கையில் அன்றுதான் வேண்டிக்கொண்டேன்.

முடிந்துவிட்டது. கூட்டம் கலைந்தது. தியேட்டரைக் கூட்டிப் பெருக்க வந்த ஓர் அம்மாவிடம் உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். அந்தம்மா எங்கள் வரிசையை மட்டும் விட்டுவிட்டு மற்ற வரிசைகளை எல்லாம் பெருக்கி முடித்தாள். அடுத்த காட்சிக்கு ஆள் விடப்போகிறார்கள் என்றதும் வேறு வழியில்லாமல் மதினியின் கன்னத்தைத் தட்டினேன்.

அவள் திடுக்கிட்டு எழுந்து, சுற்றும் முற்றும் பார்த்து, கூந்தலை அள்ளி முடிந்தாள். "முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு. இம்புட்டுக் கூப்பாட்டுல எப்படி மதினி உறங்குனீக?"

அவள் முந்தானையைச் சரிசெய்தாள். தப்பு செய்து பிடிபட்ட முகம்.

"இங்கன அம்புட்டுப் பேரும் முழிச்சிருந்தாகள்ல பிள்ள" என்றாள். "நான் ஒருத்தி உறங்குனா ஒண்ணும் ஆயிராதுன்னு இருந்துச்சு."

நான் அவளை வாசல் பெஞ்சில் உட்கார வைத்து ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். முகத்தை வேறு பக்கம் திருப்பித் துடைத்துக்கொண்டு, நேரே கவுண்டருக்குப் போய் அடுத்த காட்சிக்கு இரண்டு டிக்கெட் கேட்டேன்.

"இப்பத்தான பாத்துட்டு வெளிய வந்தீக?" என்றார் டிக்கெட் கொடுப்பவர். "வர்றவுக எல்லாம் படத்தத் திட்டிட்டுப் போறாக. நல்லாவா இருக்கு?"

"மொதப் பாகத்த விட நல்லாயிருக்குண்ணே" என்றேன்.