கடைப் பெட்டிக்கு வீட்டு வழி சொன்னது

மகனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரியில் இருந்து வந்த அன்றே அம்மா சட்டம் போட்டுவிட்டா. முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழியும்வரைக்கும் வாசல் படலை தாண்டக்கூடாது. பச்சை உடம்பு, காற்றுப் பிடித்துவிடும், காதுக்குள் பஞ்சு வை, மிளகு சீரகம் அரைத்த சரக்குக் கறியைச் சாப்பிடு, படு. கிளிநொச்சியில் ஏ-ஒன்பது வீதிக்கு அந்தப் பக்கம் எங்கள் ஸ்ரூடியோ, இந்தப் பக்கம் ஒழுங்கைக்குள் எங்கள் வீடு. யன்னலால் எட்டிப் பார்த்தால் கடைக் கூரை தெரியும். தெரிந்து என்ன பயன்? எனக்குப் பொறுமை குறைவு என்பது ஊரறிந்த விஷயம். பிள்ளை பெற்றதால் அது ஒன்றும் கூடிவிடவில்லை.

ஸ்ரூடியோ எனக்கும் அண்ணாவுக்கும் பொதுவானது. அவர் கமரா பிடிப்பார், நான் வெட்டி ஒட்டுவேன், கம்பியூட்டர்களையும் நான்தான் கட்டி மேய்ப்பேன். எடுத்த வீடியோ எல்லாம் கடை அலுமாரிக்கு மேல் இருக்கிற ஒரு கறுப்புப் பெட்டியில் போய்ச் சேரும். உள்ளே ஹாட் டிஸ்க்குகளை அடுக்கி, கடை நெட்வேர்க்கில் தொடுத்துவிட்ட சேமிப்புப் பெட்டி அது. நான் வீட்டில் அடைபட்டதும் அண்ணா அதிலிருந்து தேவையானதை ஒரு சின்ன ஹாட் டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டு வந்து தந்தார். எது தேவை என்பதையும் அவரே தீர்மானித்தார். அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் கையில் இருந்தது விசுவமடுவில் நடந்த ஒரு கல்யாணம். பெண்ணுக்குப் பதிவு முன்னமே முடிந்து விசாவும் வந்திருந்ததால், அடுத்த கிழமை மாப்பிள்ளையோடு பிரான்சுக்குப் பயணம். பெண்ணின் தாய் கடைக்கு வந்து, அண்ணாவின் போனை வாங்கி என்னோடு கதைத்தா. மலையகத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே வன்னிக்கு வந்து தோட்டம் செய்கிறவ. பேச்சில் மட்டும் மலை இன்னும் இறங்கவில்லை.

"தங்கச்சி, தாரை வாத்துட்டு நிக்கிறப்ப பருப்பு அடிப்பிடிக்குதுன்னு கூப்புட்டாங்க. நான் கொட்டிலுக்கு ஓடினேன். அதுக்குள்ள கெட்டிமேளம் கேட்ருச்சு. பெத்த மக கழுத்துல தாலி ஏறுனத நான் பாக்கலைங்க. அவ போறதுக்கு முந்தி, அவளப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஒருக்கா பாத்திரணும்."

பார்க்கலாம் அம்மா, கட்டாயம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

அண்ணா தந்த துண்டுகளில் தாலிகட்டு முன்பக்கத்தில் இருந்து வடிவாகத்தான் வந்திருந்தது. ஆனால் தாலி ஏறுகிற நேரம் பெண் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. சனத்துக்குள் யாரையோ தேடுகிறாள். யாரை என்று எனக்குத் தெரியும். பந்தலின் பின்மூலையில் சனத்தைக் குறுக்காகப் பார்த்தபடி ஓடவிட்டிருந்த மற்றக் கமராவின் பதிவு வேண்டும் என்று அண்ணாவிடம் கேட்டேன்.

"அதில ஒண்டுமில்லை பிள்ளை. முழுக்க ஆக்களின்ர முதுகுதான்."

முதுகோ முகமோ, நான் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அதை ஏற்றிவர வேண்டிய ஹாட் டிஸ்க்கோ, மகனை மூடியிருந்த நுளம்பு வலையில் வயர் கொழுவி நிலத்தில் விழுந்து, அன்று பின்னேரமே மண்டையைப் போட்டது. அப்போதுதான் கோயில் திருவிழாவை நேரலை செய்ய வாங்கிய இரண்டு அன்ரனாக்கள் நினைவுக்கு வந்தன. அண்ணா ஒன்றைக் கடைக் கூரையிலும் மற்றதை எங்கள் கூரையிலும் ஏற்றி, ஒன்றையொன்று பார்க்க வைத்தார். கடை அன்ரனாவுக்குக் கீழே ஒரு சின்ன ரவுட்டர். பச்சை விளக்கும் எரிந்தது. நான் ஆசையோடு மடிக்கணினியைத் திறந்தால், அந்தச் சின்ன ரவுட்டர்வரை போகிறது, பெட்டி மட்டும் வாய் திறக்கவில்லை.

மகனுக்குப் பால் கொடுத்துக்கொண்டு யோசித்ததில் பிடிபட்டது. நான் கூப்பிடுவது பெட்டிக்குக் கேட்கிறது. பதிலை எந்தப் பக்கம் அனுப்புவதென்றுதான் அதற்குத் தெரியவில்லை. கடையில் உள்ள முகவரிகள் எல்லாம் 192.168.1 என்று தொடங்கும், வீட்டில் 192.168.7. தன் கடைக்குள் இல்லாத எதையும் பெட்டி இணையக் கம்பனியின் ரவுட்டரிடம் தள்ளிவிடும். எனக்கு வர வேண்டிய பதில் அந்த வழியால் போய்க் காணாமல் போகிறது. வீட்டுக்கென்று பெட்டியில் ஒரு நிலையான வழி எழுத வேண்டும், ஸ்ரட்டிக் ரூட் என்பார்கள். எழுதுவதற்கோ நான் கடையில் இருக்க வேண்டும். செருப்பைத் தேடினேன். அம்மா அதை ஏற்கெனவே ஒளித்துவிட்டிருந்தா.

எனவே போனில் அண்ணாவைப் பிடித்தேன். எங்கே போக வேண்டும் என்ற இடத்தில் 192.168.7.0 என்று அடித்தார். அதன் கீழே எந்த வாசலால் என்று கேட்டது.

"எங்கட வீட்டு ரவுட்டரின்ர நம்பரைப் போட்டனான். சிவப்பில ஏதோ காட்டி, ஏலாதாம் எண்டுது."

"அண்ணா, உங்களிட்ட ஒருத்தர் துணுக்காய்க்கு வழி கேட்டா, துணுக்காயில திரும்புங்கோ எண்டோ சொல்லுவியள்?"

"ஓம், சொல்லுவன். கேக்கிறவருக்கு மாங்குளச் சந்தியில திரும்பிறது தெரியாட்டி அது அவற்ற பிழை."

பொய்யில்லை. எங்கள் பக்கத்தில் கல்யாண வீட்டுக்கு வழி கேட்டால், "வீட்டடிக்கு வாங்கோ, வாசலில வாழை கட்டியிருக்கு" என்றுதான் சொல்வார்கள். அந்த வாசல்வரை எப்படி வருவது என்பது வருகிறவர் தலைவிதி. கமராவோடு நானும் எத்தனை வாழைகளைத் தேடி அலைந்திருப்பேன்!

"பெட்டிக்கு மாங்குளம் தெரிஞ்சாப் போதும். மிச்சத்தை மாங்குளம் பாத்துக்கொள்ளும்."

"அப்ப ஆர் மாங்குளம்?"

"கடை அன்ரனாவுக்குக் கீழ இருக்கிற சின்ன ரவுட்டர். 192.168.1.2 எண்டு போடுங்கோ."

போட்டார். சேமித்தார். என் திரையில் பெட்டி அப்படியே விரிந்தது, எல்லாக் கல்யாணமும், வயதுக்கு வந்த பிள்ளைகளின் எல்லாச் சாமத்திய வீடும். நான் போட்ட கூச்சலில் மகன் எழும்பி வீரிட்டான். அம்மா அகப்பையோடு ஓடி வந்து, பச்சை உடம்புக்காரிக்கு இதென்ன ஆட்டம் என்று ஏசினா. எனக்கு ஏச்சும் இனித்தது.

மூலைக் கமராவில் அண்ணா சொன்ன மாதிரியே முதுகுகள். கெட்டிமேளம் தொடங்கியது, வாழ்த்தி எறிந்த அறுகரிசி பறந்தது, எல்லாரும் எட்டி எட்டிப் பார்க்கிறார்கள். அந்த முதுகுகளுக்குப் பின்னால், சமையல் கொட்டில் வாசலில், கரண்டியை உள்ளங்கைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பியபடி அந்தத் தாய். முன்னால் அத்தனை சனம், அவவுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனாலும் மேளம் ஓயும்வரை கையை இறக்கவில்லை. தாலி ஏறுவதற்கு அடுத்ததாக அதை வைத்தேன், பெண்ணின் கண் தேடுகிற இடத்தில்.

பயணத்துக்கு முதல் நாள் தாயும் மகளும் கடைக்கு வந்தார்கள். அண்ணா பெரிய திரையில் போட்டுவிட்டு, நானும் பார்க்கட்டும் என்று போனை அவர்கள் பக்கம் திருப்பிப் பிடித்தார். தாலி ஏறும்போது தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டா. அடுத்ததாகக் கொட்டில் வாசல் வந்தது.

மகள்தான் முதலில் கண்டாள். "அம்மா, அங்கயா நின்ன? உன்னத்தானே நான் தேடினேன்."

தாய் எழும்பித் திரைக்குக் கிட்டப் போய், அதிலே நிற்கிற தன்னை நன்றாகப் பார்த்தா. பிறகு மகளிடம் திரும்பி, அழுகையும் சிரிப்புமாகச் சொன்னா:

"அப்ப நானும் கல்யாணத்துல இருந்திருக்கேன்டி."